லைனைத் திட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1980களில் அமெரிக்க வீடுகளில் கமடோர் 64 வைத்திருந்தவர்கள் தொலைபேசி வழியே இணைப்புப் பெறப் பட்ட பாட்டுக்கெல்லாம் “மோசமான தொலைபேசி லைன்” என்று ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டது. கூடவே கமடோர் 1650 மோடத்தின் (கணினியின் தரவை ஒலியாக்கித் தொலைபேசியில் அனுப்பும் கருவி) படத்தைப் போட்டு, ‘ஏடி’ கட்டளைக்குப் பதில் தராததால் அது செத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. 1650 உயிரோடு இருந்த காலத்திலும் ஏடி கட்டளைக்குப் பதில் சொன்னதில்லை. அந்தக் கட்டளை 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் மொழி. 1650, 1660 இரண்டுக்கும் சொந்தப் புத்தி கிடையாது. எண்ணைச் சுழற்றுவதிலிருந்து லைனைக் கீழே வைப்பது வரை எல்லாவற்றையும் கணினியில் ஓடி மோடத்தை இயக்கும் டெர்மினல் புரோகிராம்தான் செய்ய வேண்டும். கமடோர் வரிசையில் ஏடி மொழி பேசியது 1200 பாட் (இங்கே நொடிக்கு இத்தனை பிட் என்று கொள்ளலாம்) வேகத்தில் ஓடிய 1670. இன்று பழைய பொருள் வாங்கிச் சேர்க்கும் இளைஞர்கள் பலர் உங்கள் வாசகர்கள். அவர்கள் நல்ல மோடத்தைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லைன் மேல் பழி போடுவது எளிது. ஆனால் 300 பாட் வேகத்தில் லைன் கெடுக்கக்கூடியது மிகக் குறைவு. அமெரிக்காவில் புழங்கிய பெல் 103 முறையில் அழைக்கும் பக்கம் 0-வுக்கு 1070 ஹெர்ட்ஸ், 1-க்கு 1270 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். பதில் சொல்லும் பக்கம் 2025, 2225 ஹெர்ட்ஸ். தொலைபேசி லைன் கடத்துவது ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. நான்கு ஒலிகளும் அந்த வட்டத்தின் நடுவே பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. மனிதர் பேசுவது புரிகிற லைனில் இது ஓடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது லைன் நல்லதா கெட்டதா என்பதை அல்ல, இணைப்பு எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை.

காதை நம்பலாம். ரிசீவரில் டயல் டோன் கேட்கிறதா? எண்ணைச் சுழற்றியதும் அந்தப் பக்கம் மணி அடிக்கிறதா? பிறகு நீளமான விசில் வருகிறதா? அந்த விசில்தான் பதில் பக்கத்தின் 2225 ஹெர்ட்ஸ். அனுப்ப ஒன்றும் இல்லாதபோது 1-க்கான ஒலியே தொடர்ந்து வரும். விசில் வந்தும் நம் மோடத்தின் கேரியர் விளக்கு (எதிர்ப்பக்க ஒலி பிடிபட்டதைக் காட்டுவது) எரியவில்லை என்றால் லைன் தன் வேலையை முடித்துவிட்டது. குறை நம் வீட்டுக்குள்.

1982-இல் வந்த கமடோரின் விக்மோடத்தில் இந்தக் குறைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஓ, ஏ என்று எழுதிய சிறு சுவிட்ச். ஓ என்பது அழைக்கும் நிலை, ஏ என்பது பதில் சொல்லும் நிலை. அழைப்பவர் ஏ-யில் வைத்திருந்தால் இரு பக்கமும் ஒரே ஒலியை அனுப்பிக்கொண்டு எதிர் ஒலிக்காகக் காத்திருக்கும். இந்த மோடத்துக்கு எண் சுழற்றத் தெரியாது. தொலைபேசியில் கையால் எண்ணைப் போட்டு, விசில் கேட்டதும் ரிசீவரின் சுருள் வயரை ரிசீவர் பக்கம் கழற்றி மோடத்தில் செருக வேண்டும். தொலைபேசியைக் கீழே வைத்துவிடக் கூடாது. நிதானமாக நான்கைந்து நொடியில் செய்துவிடலாம். ரொம்ப நேரம் எடுத்தால் அந்தப் பக்கத்து மோடம் கேரியர் வரவில்லை என்று லைனைத் துண்டித்துவிடும். எண் பொத்தான்கள் ரிசீவரிலேயே இருக்கும் வகைத் தொலைபேசிகளோடு இது சேராது, ஏனென்றால் கழற்ற வேண்டிய துண்டிலேயே டயலும் இருக்கிறது. மலிவு விலைக்குக் கொடுத்த விலை இந்தக் கைவேலை.

பிரிட்டன், ஐரோப்பா பக்கத்து எண்களை அமெரிக்க மோடத்தால் அழைத்தவர்களுக்கு வேறு சிக்கல். அங்கே வி.21 முறை: அழைக்கும் பக்கம் 980, 1180 ஹெர்ட்ஸ்; பதில் பக்கம் 1650, 1850. விசில் கேட்கும், விளக்கு எரியாது. எத்தனை முறை அழைத்தாலும் எரியாது.

ரிசீவரை ரப்பர் கிண்ணங்களில் அழுத்தி வைக்கும் ஒலிக் கப்ளரைப் பற்றிக் கட்டுரை இரண்டு வரியோடு விட்டுவிட்டது. அதுதான் உண்மையில் சுவாரசியமான கருவி. பிறர் தயாரித்த கருவிகளையும் லைனில் இணைக்கலாம் என்ற கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு 1968-இல் வந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் சொந்தக் கருவியை நேராக லைனில் செருக வழியில்லாமல் இருந்ததால் புழங்கிய ஏற்பாடு அது. கதவை அறைந்தால் எழுத்து கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத எதிரி ரிசீவரின் கரித்தூள் மைக். அது ஒலியைத் தூய்மையாகக் கடத்தாது. இரட்டிப்பு அதிர்வெண்ணையும் கொஞ்சம் சேர்த்தே அனுப்பும். அழைக்கும் பக்கத்து 1070-இன் இரட்டிப்பு 2140. அது எதிர்ப்பக்கம் அனுப்பும் 2025-க்கும் 2225-க்கும் நட்டநடுவில் வந்து விழுகிறது! நாம் அனுப்பும்போது மட்டும் வரும் எழுத்துகள் கெடுகின்றன, சும்மா இருந்தால் சுத்தமாக வருகின்றன என்றால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் இறுகிப்போன கரித்தூள் உதிர்ந்து நிலைமை கொஞ்சம் தேறும். வயர் வரும் முனையை எந்தக் கிண்ணத்தில் வைப்பது என்று கப்ளரிலேயே குறி இருக்கும். மாற்றி வைத்தால் ஒன்றும் நடக்காது.

எண் போகவே இல்லை என்றால் வேறு விசாரணை. டயல் டோன் கேட்கிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒலி வரவில்லை என்றால் சுவர்ப்பெட்டியில் சிவப்பு, பச்சை வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. பழைய டோன் தொலைபேசிகள் பலவற்றில் முனை மாறினால் பொத்தான் பலகை வேலை செய்யாது. பேச மட்டும் முடியும். 1650 துடிப்பு முறையில் எண் சுழற்றும் மோடம்: லைனை நொடிக்கு 10 முறை வெட்டி வெட்டி இணைக்கும். இந்தத் தாளத்தை டெர்மினல் புரோகிராம்தான் போடுகிறது. ஆகவே தவறான எண்ணுக்கு அழைப்புப் போனால் மோடத்தைத் திறக்க வேண்டாம், வேறு புரோகிராமைப் போட்டுப் பாருங்கள். 1660-இல் டோன் முறை உண்டு. ஆனால் அந்த டோனை உருவாக்குவது மோடம் அல்ல, கணினியின் சிட் ஒலிச் சிப். கணினியின் ஒலி வெளியீட்டிலிருந்து மோடத்துக்கு ஒரு தனி வயர் போக வேண்டும். பழைய பொருள் கடையில் வாங்கும்போது அந்த வயர்தான் முதலில் தொலைந்து போயிருக்கும்.

1670 வாங்கியவர்கள் வீட்டில் யார் அழைத்தாலும் காதைக் கிழிக்கும் விசில் கேட்டது என்று குறைபட்டதுண்டு. முதலில் வந்தவற்றில் மின்சாரம் கொடுத்ததுமே தானாகப் பதில் சொல்லும் நிலை போட்டே இருக்கும். ‘ஏடி எஸ்0=0’ என்று ஒரு வரி அடித்தால் தீர்ந்தது. ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பெரியதாகவோ இரண்டும் சிறியதாகவோ இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் ஹேய்ஸ் வகை மோடம் கண்டுகொள்ளாது.

கணினிப் பக்கம் வருவோம். கமடோர் 64-இன் பின்புறம் உள்ள யூசர் போர்ட், 24 தொடுமுனை கொண்ட பலகை விளிம்பு. அதில் ஓடுவது 0 முதல் 5 வோல்ட் சமிக்ஞை. ஆர்எஸ்-232 முறையில் இயங்கும் வெளி மோடத்தின் சமிக்ஞையோ பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக 12 வோல்ட் வரை ஆடும். இடையில் மட்டம் மாற்றும் கருவி இல்லாமல் வயரை நேராக இணைத்தால் போர்ட்டை இயக்கும் 6526 என்ற சிஐஏ சிப் போய்விடும். அதே விளிம்பில் 10, 11 எண் முனைகளில் 9 வோல்ட் மாறுமின்சாரம் வேறு இருக்கிறது. மோடத்தை ஒரு முனை தள்ளியோ தலைகீழாகவோ செருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணினியை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும், கழற்ற வேண்டும். இந்தக் கணினிகளில் மோடம் இணைப்பு அற்றதற்குப் பழைய லைனைவிட அவசரக் கை காரணமாக இருந்தது அதிகம் என்பது என் கணிப்பு.

போர்ட் உயிரோடு இருக்கிறதா என்பதை மோடமே இல்லாமல் சோதிக்கலாம். கீழ் வரிசையில் எம் என்ற முனை அனுப்பும் வழி. பி, சி இரண்டும் பெறும் வழி. எம்மை பி-யோடும் சி-யோடும் சேர்த்து ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, டெர்மினல் புரோகிராமை முழு டூப்ளெக்ஸில் (அடித்ததைத் தானே திரையில் காட்டாமல், திரும்பி வருவதை மட்டும் காட்டும் நிலை) வைத்து எதையாவது அடியுங்கள். அடித்தது திரையில் வந்தால் கணினி நலம். பெறுவதற்கு ஏன் இரண்டு முனை? எழுத்தின் தொடக்க பிட் வருவதைக் கண்டு சிப்பை எழுப்புவது பி. பிட்டின் மதிப்பைப் படிப்பது சி. வீட்டில் தயாரித்த கேபிள்களில் சி-யை மட்டும் இணைத்துவிட்டு பி-யை விட்டுவிடுவது வழக்கமான தவறு. அப்போது அனுப்புவது எல்லாம் போகும், ஒரு எழுத்துகூட உள்ளே வராது.

பேசிக் மொழியில் போர்ட்டைத் திறப்பவர்கள் இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். முதல் எண்ணில் வேகமும் பிட் எண்ணிக்கையும்: 300 பாட்டுக்கு 6, 1200 பாட்டுக்கு 8, எட்டுக்குப் பதில் ஏழு பிட் வேண்டுமென்றால் 32-ஐக் கூட்ட வேண்டும். இரண்டாம் எண்ணில் பேரிட்டி (பிழை பார்க்க எழுத்தோடு சேர்க்கும் பிட்): இல்லை என்றால் 0, ஒற்றை என்றால் 32, இரட்டை என்றால் 96. ஆக 300 பாட், எட்டு பிட், பேரிட்டி இல்லை என்பதற்கு 6, 0. ஏழு பிட், இரட்டைப் பேரிட்டி கேட்ட கம்ப்யூசர்வ் போன்ற கட்டணத் தகவல் சேவைகளுக்கு 38, 96. போர்ட்டைத் திறந்ததும் கணினி தலா 256 பைட்டில் இரண்டு இடைத்தேக்கங்களை பேசிக் நினைவகத்தின் உச்சியில் ஒதுக்கிக்கொண்டு, அதுவரை இருந்த மாறிகளை எல்லாம் அழித்துவிடும். அதனால் திறக்கும் வரியே புரோகிராமின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

கேரியர் விளக்கு எரிந்த பிறகு திரையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடிப்பது ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக வந்தால் டூப்ளெக்ஸ் அரை என்பதில் இருக்கிறது. முழு என்று மாற்றவும். அடிப்பது தெரியவே இல்லை, ஆனால் பதில் வருகிறது என்றால் நேர் எதிர். பெரிய எழுத்து சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் தலைமாறினால் அது கமடோரின் பெட்ஸ்கி எழுத்துமுறைக்கும் ஆஸ்கிக்கும் உள்ள வேறுபாடு; புரோகிராமில் ஆஸ்கி மாற்றத்தைப் போட வேண்டும். வரிகள் நடுவில் ஒடிந்து மடங்கினால் அந்தப் பக்கம் 80 பத்தியில் அனுப்புகிறது, நம் திரையில் இருப்பது 40. சில எழுத்து சரியாகவும் சில எழுத்து வரைபடக் குறியாகவும் கலந்து, அதுவும் ஒரே எழுத்து எப்போதும் ஒரே குறியாக வந்தால் பேரிட்டி பொருந்தவில்லை. ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகக் கெட்டால் மட்டுமே லைன் இரைச்சல். கட்டுரையாளர் இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லியிருந்தாலே நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

1200 பாட்டில் மட்டும் எழுத்து கெட்டு, 300-இல் நன்றாக இருந்தால் மோடத்தைக் குறை சொல்வதற்கு முன் கணினியைப் பாருங்கள். கமடோர் 64-இல் தொடர்முறைத் தரவுக்கென்று தனிச் சிப் கிடையாது. ஒவ்வொரு பிட்டையும் மென்பொருள்தான் நேரம் பார்த்து எடுக்கிறது. அமெரிக்கக் கணினியின் கடிகாரத்தில் 300 பாட்டுக்கு ஒரு பிட்டுக்குச் சுமார் 3400 துடிப்பு கிடைக்கும். 1200-இல் 850 தான். இதற்கிடையே திரையைத் தீட்டும் விக் சிப் எட்டு வரிக்கு ஒரு முறை நாற்பது துடிப்புக்குச் செயலியை நிறுத்திவைக்கிறது. அதனால்தான் தேர்ந்த டெர்மினல் புரோகிராம்கள் பல, கணினியின் நிரந்தர நினைவகமான ரோமில் இருந்த வழியைத் தொடாமல் சொந்தமாக எழுதிக்கொண்டன. ஐரோப்பிய பால் (PAL) தொலைக்காட்சி முறைக் கணினியின் கடிகாரம் அமெரிக்க என்டிஎஸ்சி முறைக் கணினியைவிட ஏறக்குறைய நான்கு சதவீதம் மெதுவானது. அமெரிக்கக் கடிகாரக் கணக்கைச் சொந்தமாக வைத்திருக்கும் புரோகிராமை அதில் ஓட்டினால் எழுத்தின் கடைசி பிட்டுகள் விளிம்பில் தடுமாறும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருக்கும் பெட்டிகளில் இரு வகையும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு குறை: நன்றாக வந்துகொண்டிருந்த பக்கத்தில் திடீரென்று நாலு வரி காணாமல் போவது. 1541 வட்டு இயக்கி ஓடும் நேரத்தில் கணினி தொடர்முறைத் தரவைக் கவனிப்பதில்லை. வந்ததை நினைவகத்தில் சேர்த்து, வட்டில் எழுதும் முன் கன்ட்ரோல்-எஸ் அனுப்பி எதிர்ப்பக்கத்தை நிறுத்திவைத்து, எழுதி முடித்ததும் கன்ட்ரோல்-க்யூ அனுப்பவேண்டும்.

இணைப்பு பாதியில் அறுவதற்கு வருவோம். வீட்டில் இன்னொரு அறையில் ரிசீவரை எடுத்தால் அறும். அதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. நேரம் காலம் இல்லாமல், யாரும் எதையும் தொடாமல் அறுந்தால் அது பெரும்பாலும் அழைப்புக் காத்திருப்பு வசதி. வேறொருவர் அழைக்கும்போது எக்ஸ்சேஞ்ச் ஒரு ‘பீப்’ போட லைனைக் கணநேரம் எடுத்துக்கொள்கிறது. மோடம் கேரியர் போய்விட்டது என்று எண்ணித் துண்டித்துவிடும். அமெரிக்காவில் இதற்கு மருந்து, எண்ணுக்கு முன் *70 போட்டு இரண்டு கமா வைப்பது. ஒவ்வொரு கமாவுக்கும் மோடம் இரண்டு நொடி நிற்கும். சுழல் டயல் லைனில் *70-க்குப் பதில் 1170. அந்த வசதியை நிறுத்த முடியாத இடத்தில் கேரியர் போனால் மோடம் எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதை வைத்திருக்கும் எஸ்10 பதிவேட்டைக் கூட்டலாம். அது பத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கு. வழக்கமாக 14, அதாவது 1.4 நொடி. 50 என்று வைத்தால் ஐந்து நொடி கேரியர் போனாலும் மோடம் பொறுத்துக்கொள்ளும். இடையில் குப்பை எழுத்து கொஞ்சம் விழும், இணைப்பு நிற்கும். ஆனால் எதிர்ப்பக்கத்து மோடமும் அவ்வளவு பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

கோப்பு இறக்குமதியில் தகராறு என்றால், துண்டு துண்டாக வரும் தொகுதிகளில் எந்தத் தொகுதியில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1977-இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் முறை 128 பைட் தரவோடு நான்கு பைட் சேர்த்து அனுப்பும். 300 பாட்டில் ஒரு தொகுதிக்கு நாலரை நொடி, 16 கிலோபைட் கோப்புக்குப் பத்து நிமிடம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொகுதியில் தடுமாறினால் இரைச்சல். எத்தனை முறை முயன்றாலும் அதே தொகுதியில் நின்றால், அந்தத் தொகுதியில் இருக்கும் ஏதோ ஒரு பைட்டை வழியில் யாரோ விழுங்குகிறார்கள். 17, 19 என்ற மதிப்புள்ள பைட்டுகளை முறையே தொடங்கு, நிறுத்து குறிகளாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு எங்கோ போட்டிருக்கிறது; அதை அணைக்க வேண்டும். முதல் தொகுதியே ஏறவில்லை என்றால் இணைப்பு ஏழு பிட்டில் இருக்கிறது. எக்ஸ்மோடத்துக்கு எட்டு பிட் கட்டாயம். கமடோர்காரர்கள் தொலைபேசி வழியே நுழைந்த செய்திப் பலகைகளில் கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் பன்டர் எழுதிய பன்டர் முறையும் பரவலாக இருந்தது. இரு பக்கமும் ஒரே முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் ஊர் வாசகர்களுக்கு மோடம் என்றதும் நினைவுக்கு வருவது 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த பிறகு வந்த காலம். அப்போது வீட்டுக்கு வந்திருந்தது பிசி, மோடமும் வேகமானது. அங்கே அடிக்கடி வந்த ‘நோ டயல்டோன்’ என்ற செய்திக்கும் பெரும்பாலும் லைன் காரணம் இல்லை. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் கலவை. அதை எதிர்பார்த்த மோடம் நம் டோனை அடையாளம் காணவில்லை. ‘ஏடி எக்ஸ்3’ என்று அமைத்தால் டோனுக்குக் காத்திராமல் எண்ணைப் போட்டுவிடும். டோன் முறையை ஏற்காத பழைய எக்ஸ்சேஞ்சில், டோனில் எண் போடும் ஏடிடிடி கட்டளைக்குப் பதில் துடிப்பில் போடும் ஏடிடிபி.

இன்று இந்தக் கருவிகளைச் சோதிக்க விரும்புவோருக்குத் தொலைபேசி லைனே தேவையில்லை. ஏடி கட்டளை அறிந்த இரண்டு மோடங்களை ஒரு தொலைபேசி வயரால் இணைத்து, வயரின் ஒரு இழையை வெட்டி நடுவில் 9 வோல்ட் பேட்டரியையும் சுமார் 390 ஓம் தடையையும் வரிசையாகச் சேர்த்தால் பெரும்பாலான மோடங்களுக்குப் போதும். ஒன்றில் ‘ஏடி எக்ஸ்1 டி’, மற்றதில் ‘ஏடிஏ’ என்று அடிக்க வேண்டும். விசில் கேட்டு விளக்கு எரிந்தால் இரண்டும் நலம். இணைய வழித் தொலைபேசியில் ஓட்டிப் பார்ப்பவர்கள், ஒலியைச் சுருக்காத ஜி.711 முறையைத் தேர்ந்தெடுத்து, மௌனத்தை வெட்டும் வசதியை அணைக்க வேண்டும். 300 பாட் அதில் போகும். யூசர் போர்ட்டில் செருகும் வைஃபை மோடங்களும் கிடைக்கின்றன. அவற்றில் எண்ணுக்குப் பதில் இணைய முகவரியைக் கொடுத்தால் இன்றும் இயங்கும் பெட்ஸ்கி பலகைகளுக்குள் நுழையலாம். எழுத்துமுறை, டூப்ளெக்ஸ் பற்றி மேலே சொன்னவை அங்கேயும் பொருந்தும்.

எதற்கும் முன்னால் கணினியின் மின்வழங்கியைப் பார்க்கவும். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் நேராகச் செருகக் கூடாது. பழைய மின்வழங்கிகளில் 5 வோல்ட் பகுதி கெட்டால் மின்னழுத்தம் ஏறி நினைவகச் சிப்புகளை எரித்துவிடும். கணினியில் செருகும் முன் மல்டிமீட்டரால் அளந்து, 5.2 வோல்ட்டைத் தாண்டினால் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.